பன்னிரண்டு சாட்சி மீன்கள்

எங்கள் ஆணையத்தில் நிலையத்துக்குப் பன்னிரண்டு மீன்கள் நிரந்தரப் பணியிடத்தில் இருந்தன. நான் பதினோரு வருடமாகத் தற்காலிக எழுத்தர். பொறாமையில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பொறாமைதான்.

ஆணையம் என்றால் கழிவுநீர்த் தூய்மைக் கண்காணிப்பு ஆணையம். கடலோரக் குடியிருப்புகளில் சின்னச் சின்னதாகச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டிவிட்டு, அவை வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருப்பது எங்கள் பணி. முன்பு ஒரு சோதனைச்சாலை இருந்ததாம். தண்ணீரைக் குப்பியில் பிடித்து வந்து சோதித்துப் பார்த்தால் சில சமயம் கெட்ட முடிவு வந்துவிடுகிறது என்பதால் அதை மூடிவிட்டார்கள். அதற்குப் பதிலாக எங்கள் இயக்குநர் கண்டுபிடித்ததுதான் சாட்சி மீன் திட்டம். சுத்தமான தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு சிமென்ட் தொட்டி, அதற்குள் பன்னிரண்டு கெண்டை மீன்கள். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். "கருவி பொய் சொல்லும், காகிதம் பொய் சொல்லும், மனுஷன் சொல்லவே வேண்டாம். மீன் பொய் சொல்லாது" என்று திறப்பு விழாவில் இயக்குநர் பேசியபோது பின்வரிசை வரைக்கும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மீனுக்குத் தீனி வாங்க நிதிப் பிரிவில் தனித் தலைப்பு இல்லை. ஊழியர் என்று காட்டினால் மட்டுமே கோப்பு நகரும். ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் பன்னிரண்டு பணியிடங்கள் உருவாயின. ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எண், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வருகைப் பதிவேடு. அதில் இரண்டே கட்டங்கள்: 'உயிருடன்', 'இறந்தது'. செவ்வாய்க்கிழமைதோறும் ஆய்வாளர் வந்து எண்ணி டிக் போடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'எண்ணி'. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தொட்டி வரைக்கும் வருவார், எண்ணுவார், போய்விடுவார். தொட்டிக்குப் பின்னால் ஒரு நிலையம் இருப்பதே அவருக்குத் தெரியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் சொல்ல வந்த நிலையத்தை ஓட்டியவர் என் அக்காவின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். குடியிருப்பில் அவரை 'நுரைக்காரர்' என்பார்கள், ஏனென்றால் காலையில் எழுந்ததும் பெரிய தொட்டியின் நுரையைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவார். முந்நூறு வீடுகளின் கழிவு அந்தத் தொட்டிக்கு வரும். புளோயர் என்ற காற்று இயந்திரம் அடியிலிருந்து காற்றை ஊதும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்தக் காற்றைக் குடித்துக் கழிவைத் தின்று தீர்க்கும். மாமா அவற்றைப் பூச்சி என்பார். கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் மொண்டு வைத்து, அரை மணி நேரத்தில் வண்டல் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார். நன்றாக இறங்கினால் எனக்குப் போன் வரும்.

"மாப்ள, இன்னைக்கு எல்லாம் நல்லா சாப்பிட்டிருக்குதுங்க."

சொந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். அவருக்கும் அக்காவுக்கும் பிள்ளை இல்லை.

மீன் தொட்டியைத் தாண்டிய தண்ணீர் உப்பங்கழிக்குள் போய்ச் சேரும். அக்கா அந்தக் கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிப்பி எடுப்பாள். சிப்பியைக் கையால் தேட முடியாது. சேற்றுக்குள் கால் விரலால் துழாவி, இருக்கிற இடம் தெரிந்ததும் குனிந்து எடுக்க வேண்டும். ஆகவே செருப்போ உறையோ போட முடியாது. அவளோடு சேர்த்து நாற்பது பெண்கள். சிப்பி அடர்ந்து கிடந்தது நிலையத்தின் வாய்க்கு நேர் எதிரில்.

ஒரு புதன்கிழமை மாமா போன் செய்தார்.

"மாப்ள, புளோயர் பெல்ட் அறுந்துபோச்சு."

"வேற போடுங்க மாமா."

"எங்க இருந்து போடுறது? ஸ்பேர் கேட்டு ரெண்டு வருஷமாச்சு. அந்த லெட்டரை டைப் பண்ணினதே நீதான்."

எனக்கு ஞாபகம் வந்தது. அது 'பரிசீலனையில்' என்று எழுதிய கோப்புக்கட்டுக்குள் மூன்றாவது அடுக்கில் இருந்தது.

"மூணு நாள் காத்து இல்லன்னா பூச்சி அத்தனையும் செத்துடும். அப்புறம் வீட்ல இருந்து வர்றது வந்தபடியே கழிக்குப் போகும். அங்க உங்க அக்கா நிக்கிறாய்யா."

நான் ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், அந்த ஒரு நாளாவது ஓடினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. கிடங்குக் கண்காணிப்பாளர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மீன்களின் நிலைன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதை ஏன் காலியா விட்டிருக்கீங்க? செவ்வாய்க்கிழமை ஆய்வு முடிஞ்சு எண்ணிக்கை வரட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. திங்கட்கிழமை பன்னிரண்டும் வயிற்றைக் காட்டிவிட்டன. ஒரு மீன் இறந்தால் நிலைய ஓட்டுநரிடம் விளக்கம் கேட்க வேண்டும், மூன்று இறந்தால் தற்காலிகப் பணிநீக்கம். பன்னிரண்டும் இறந்தால் என்ன என்று விதியில் இல்லை, அப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமா பதறிப் போனார். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். இந்தக் கதையில் நடந்த கெடுதல் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

"மாமா, சந்தையில உயிர் மீன் விக்கிறான்ல? பன்னெண்டு வாங்குங்க. மீன் தொட்டிக்கு வர்ற வால்வை மூடிட்டு, குடிதண்ணிக் குழாய்ல இருந்து ரொப்பி விட்டுடுங்க. இந்த ஒரு செவ்வாய் மட்டும். எண்ணிக்கை சரியா இருந்தா பெல்ட் ஃபைல் தானா நகரும்."

"அது பொய்யில்லையா மாப்ள?"

"பொய் இல்ல மாமா. ஏற்பாடு."

பதினோரு வருட அனுபவம் பேசுகிறது என்று எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

எண்ணி வந்தார், எண்ணினார். பன்னிரண்டு. குறிப்பில் கூடுதலாக ஒரு வரியும் எழுதினார்: 'மீன்கள் முன்பைவிடச் சுறுசுறுப்பாகக் காணப்படுகின்றன.' இருக்காதா பின்னே? குடிதண்ணீர் ஆயிற்றே. இரண்டு நாளில் பெல்ட் விண்ணப்பம் திரும்பி வந்தது. 'காற்று இயந்திரம் இயங்காத நிலையிலும் மீன்கள் நலமாக உள்ளதால் பெல்ட் தேவைப்படவில்லை எனத் தெரிய வருகிறது.' அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. குறிப்பு இயக்குநரின் மேசைக்குப் போனது. அவர் அறைக்கு அத்தனை பேரையும் கூப்பிட்டார்.

"காத்தை நிறுத்தின பிறகு மீன் சுறுசுறுப்பாயிருக்கு. இதுல இருந்து என்ன தெரியுது?"

பதிலையும் அவரே சொன்னார்.

"இத்தனை வருஷமா நாம மீனுக்குத் தொந்தரவு குடுத்திருக்கோம்னு தெரியுது. அந்த இரைச்சல், அந்தக் குமிழி... நாமளே அதுல இருந்தா சும்மா இருப்போமா? உலகமே காத்து ஊதிக்கிட்டிருக்கு. நாம நிறுத்தினோம். இதுக்கு ஒரு துணிச்சல் வேணும்யா."

அடுத்த வாரம் சுற்றறிக்கை போயிற்று. மீதிப் பதினேழு நிலையங்களிலும் புளோயரை நிறுத்த வேண்டும், மின்சாரம் மிச்சம். பதினேழு ஓட்டுநர்களும் மாமாவுக்குப் போன் செய்து, "அண்ணே, நீங்க எப்படிண்ணே சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். மாமா சொல்லிக் கொடுத்தார், வேறு என்ன செய்வார்? சந்தையில் உயிர் மீன் விற்றவர் கடையைப் பெரிதாக்கினார்.

கழி கறுத்தது. முதலில் அழுகின முட்டை நாற்றம். பிறகு ஓரத்தில் குட்டி மீன்கள் செத்து ஒதுங்கின. தண்ணீரில் நின்ற பெண்களுக்குத் தொடை வரைக்கும் தடித்து அரித்தது. ஒரு நாள் அவர்கள் செத்த மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஆணையத்துக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றது அக்கா. இடது குதிகாலில் துணி சுற்றியிருந்தாள். சிப்பி ஓடு கிழித்துவிட்டது, சின்னக் காயம்தான் என்றாள்.

இயக்குநர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுங்களோட எண் என்ன?"

"என்ன சார்?" என்றாள் அக்கா.

"எங்க மீனுக்கு எல்லாம் எண் இருக்கும்மா. பதிவேட்டுல பேர் இருக்கும். இது எதுவும் எங்க மீன் இல்ல. இது தனியார் மீன். தனியார் மீன் எதுக்குச் சாகுது, அதுக்கு வீட்ல என்ன கஷ்டம், இதெல்லாம் ஆணையம் விசாரிக்க முடியுமா? எங்க மீனை வந்து பாருங்க, எப்படித் துள்ளுதுன்னு."

"சார், அந்தத் தொட்டில இருக்கிறது குழாய்த் தண்ணி. நாங்க நிக்கிறது வேற தண்ணில."

"அப்ப நீங்க தொட்டில நிக்க வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டு இயக்குநர் சிரித்தார். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததால் குனிந்துகொள்ள வசதியாக இருந்தது.

போகும்போது அக்கா என் மேசையருகே நின்றாள்.

"நீ இதையும் எழுதினியாடா?"

"எழுதணும்க்கா. வேலை அப்படி."

"எழுது, எழுது. நல்லா எழுது." கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனாள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. கைக்காசில் தானே ஒரு பெல்ட் வாங்கி மாட்டிவிட்டார். பூச்சி உயிரோடு இருக்கிற நல்ல வண்டலை வாளியில் கொண்டுவர முப்பது மைல் தள்ளியிருந்த ஒரு தொழிற்சாலைக்குப் போனார். காவலாளியிடம் கெஞ்சி நான்கு வாளி வாங்கி வந்து பெரிய தொட்டியில் ஊற்றி, புளோயரை ஓட விட்டார். ஒன்பதாம் நாள் போனில் குரலே மாறியிருந்தது.

"மாப்ள, பழுப்பு வருதுய்யா! மண் வாசம் அடிக்குது! இன்னும் ஒரு வாரம் ஓடினா போதும், பொழைச்சுக்கும்."

செவ்வாய்க்கிழமை எண்ணி வந்தார். தொட்டி வரைக்கும் வந்தவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அது என்னய்யா சத்தம்?"

அனுமதியற்ற பெல்ட். சுற்றறிக்கைக்கு எதிரான காற்று. மின்சார விரயம். மாமாவைக் கொண்டே பெல்ட்டைக் கழற்ற வைத்து, உறையில் போட்டு அரக்கு வைத்து, 'சான்றுப் பொருள் 1' என்று எழுதி ஆபீசுக்குக் கொண்டு வந்தார்கள். வைக்க இடம் இல்லை என்று என் அலமாரியில் வைத்தார்கள். அந்தச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இன்றும் இருக்கிறது.

மாமாவின் விண்ணப்பங்களை எல்லாம் கருணையோடு பரிசீலித்து, மாதக் கடைசியில் ஆணையம் ஒரு பெட்டி அனுப்பியது. மேலே 'காற்று உபகரணம்' என்று எழுதியிருந்தது. மாமா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்ன மோட்டார், வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் குமிழி விடுமே, அது. சாட்சி மீன்களின் நலனுக்காகவாம்.

அக்கா கழிக்குப் போவதை நிறுத்தவில்லை. மாமா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். "சிப்பி என்ன நம்ம வாசலுக்கா வரும்? இருக்கிற எடத்துக்குத்தான் போகணும்" என்று கிளம்பிவிடுவாள். குதிகால் வீங்கியது, பிறகு கணுக்கால், பிறகு முழங்கால் வரைக்கும் சிவந்து மினுமினுத்தது. காய்ச்சல் வந்து பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். "எந்தத் தண்ணில நின்னாங்க?" என்று என்னைக் கேட்டார். நான் வேலை பார்க்கிற இடத்தைச் சொல்லவில்லை.

அந்த வாரத்தில்தான் விழா. மாமாவின் நிலையம் முதல் 'காற்றில்லா மாதிரி நிலையம்' என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, நாற்றம் தெரியாமல் இருக்க நாலு மூலையிலும் வாசனைத் தெளிப்பான் வைத்தார்கள். இயக்குநர் தொட்டியருகே நின்று பேசினார்.

"இந்த மீன்களைப் பாருங்க. பதவி உயர்வு கேக்கல. லீவு கேக்கல. கிடைச்ச தண்ணில உண்மையைச் சொல்லிக்கிட்டு இருக்கு. இதுங்க சாட்சி சொல்ற வரைக்கும் யாரும் நம்ம மேல ஒரு விரலை நீட்ட முடியாது."

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டை கசங்கிக் கிடந்தது. போய் மீன் தொட்டியின் வால்வைத் திறந்தார்.

கறுப்புத் தண்ணீர் தொட்டிக்குள் வந்தது. குமிழி மோட்டார் பாட்டுக்குக் குமிழி விட்டது. மீன்கள் ஒரே மூலைக்கு ஓடின. இயக்குநர் பேச்சை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கவனிப்பார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவர் முடிப்பதற்குள் எட்டு மிதந்தன. நன்றியுரை முடிவதற்குள் பன்னிரண்டும்.

"இதான் சார் அந்தத் தண்ணி" என்றார் மாமா. "என் பொண்டாட்டி இதுலதான் நின்னா."

அந்த நிமிடம், சத்தியமாக, எல்லாம் முடிந்தது, இனி பெல்ட் வந்துவிடும் என்று நான் நம்பினேன். என் கண்கூடக் கலங்கியது. இயக்குநர் குனிந்து மீன்களை உற்றுப் பார்த்தார். பிறகு எண்ணியைப் பார்த்தார்.

"இதுங்களுக்கு உடல்தகுதிச் சான்று வாங்கினீங்களாய்யா?"

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. முடிவு இரண்டு. ஒன்று: ஓட்டுநர் கடமையில் இருந்த சாட்சிகளைக் கொன்றார், ஆகவே பணிநீக்கம். இரண்டு: கெண்டை மீன் மென்மையான சுபாவம் உள்ளது, அரசுப் பணியின் அழுத்தத்தைத் தாங்காது. அதற்குப் பதிலாகக் கெளுத்தியை நியமிக்கலாம். கெளுத்தி மேலே வந்து காற்றை நேராக விழுங்கிக்கொள்ளும், சாக்கடையிலும் கொழுக்கும்.

கெளுத்திகள் வந்தன. வால்வைத் திறந்தே வைத்தார்கள். குடிதண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை, சந்தைக்கு ஓடுகிற வேலை இல்லை, யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பதினெட்டு நிலையங்களிலும் கறுப்புத் தண்ணீரில் மீசையை ஆட்டிக்கொண்டு அவை உண்மையைச் சொல்லின.

அக்கா விழாவுக்கு அடுத்த வியாழக்கிழமை காலையில் இறந்தாள். அதற்கு முந்தின நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்தபோது, "தம்பி, விரல் அரிக்குதுடா, கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்று இல்லாத காலைக் காட்டினாள். நான் போர்வையைச் சொறிந்து விட்டேன்.

பதினாறு நாள் கழித்து மாமாவின் மனு வந்தது. ஒரே பத்தி. 'என் மனைவி இறந்தது அந்தத் தண்ணீரால் என்று எழுதிக் கொடுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், வேலையும் வேண்டாம். அப்படி எழுதினால் பெல்ட் மாட்டியே ஆக வேண்டும். கழியில் இன்னும் முப்பத்தொன்பது பேர் நிற்கிறார்கள்.'

இயக்குநர் பதிலைச் சொல்லச் சொல்ல டைப் அடிக்க என்னைக் கூப்பிட்டார்.

"சார்," என்றேன், "அவங்க என் அக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"அடடா. சொல்லவே இல்லையே நீங்க. ரொம்ப வருத்தம்யா." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, அப்ப விஷயம் எல்லாம் உங்களுக்கே தெரியும். சீக்கிரம் முடிச்சுடலாம். எழுதிக்குங்க."

நான் எழுதிக்கொண்டேன். 'மேற்படி நீரில் கெளுத்திகள் எவ்விதக் குறையுமின்றி உயிருடன் உள்ளன. அதே நீரில் நின்ற தங்கள் மனைவி உயிருடன் இல்லை. எனவே குறைபாடு நீரில் இல்லை என்பது தெளிவாகிறது.' ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதிலை வாங்க மாமாவே வந்தார். நின்றபடியே படித்தார், மடித்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அலமாரியைப் பார்த்தார்.

"மாப்ள, பெல்ட் அதுலதானே இருக்கு?"

"ஆமா மாமா."

"குடு. நான் சுவரேறிக் குதிச்சாவது மாட்டிடுறேன். நாலு வாளி வண்டல் கொண்டு வந்தா போதும், மறுபடி பொழைச்சுக்கும்."

என் கை சட்டைப் பைக்குப் போனது. சாவி விரலில் பட்டது. மேசை மேல் அன்று காலை வந்த ஓர் உறை இருந்தது, அதைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். கெளுத்தி உருவில் பெரியது, ஒரு தொட்டிக்கு எட்டுதான் கொள்ளும். ஆகவே நிலையத்துக்கு நான்கு மீன் பணியிடங்கள் காலியாகியிருந்தன. அதில் ஒன்றில் என்னை நிரந்தரமாக்கி உத்தரவு வந்திருந்தது.

"சாவி கிடங்குல இருக்கு மாமா" என்றேன்.

அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடவே இல்லை.

பணியிடம் மீனுடையது என்பதால் என் வருகையும் மீன் பதிவேட்டில்தான் பதிவாகிறது. எண் ஒன்பது. செவ்வாய்க்கிழமைதோறும் எண்ணி தொட்டியை முடித்துக்கொண்டு ஆபீசுக்கு வருவார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் வாசலிலிருந்தே என்னை ஒரு பார்வை பார்ப்பார். இரண்டு கட்டங்களில் முதல் கட்டத்தில் டிக் போடுவார். நானும் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறேன்.